இடது பக்கம் வளர்ந்த மாதம்

என் கல்லீரலின் இடது பக்கம் சின்னது என்பது எனக்கு நாற்பத்தாறாவது வயதில்தான் தெரிய வந்தது. அதற்கு முந்தைய வருடம் பெருங்குடலில் ஒரு கட்டி வந்து, அதை வெட்டி எடுத்து, ஆறு மாதம் கீமோவும் முடித்து, ஈஸ்ட் டாமாக்கி என்ற வெளிநாட்டுப் புறநகரில் நான் வேலை பார்க்கும் உறைந்த உணவுத் தொழிற்சாலைக்குத் திரும்பியிருந்தேன். பாக்கெட்டுகளின் தரம் பார்ப்பது என் வேலை. முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் வழக்கமான ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. குடலில் இருந்த கட்டி போகும்போது விட்டுவிட்டுப் போன குட்டிகள்.

அதைப் பற்றிப் பேச, கல்லீரல் அறுவை செய்யும் மருத்துவரைப் பார்க்கப் போனோம். உயரமான பெண்மணி. காலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற ஷூ. உட்கார்ந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கவிழ்த்து வைத்த பலாச்சுளை போல ஒன்றை வரைந்தார். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு வலது புறம் பெரிய பகுதி, இடது புறம் சின்னது.

இரண்டு புள்ளிகளும் இருக்கும் இடம் அப்படி. வலது பக்கம் முழுவதையும் எடுத்தால்தான் சுத்தமாகும் என்றார். எடுத்துவிடலாம், அதில் சிரமமில்லை. ஆனால் மிச்சமாகும் இடது பக்கம் என் உடம்புக்குப் போதாது. மொத்தத்தில் கால் பங்குதான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் நான் பிழைத்துக் கிடப்பேன். சிறுநீரகம் கெட்டால் மாட்டிவிட இயந்திரம் உண்டு, கல்லீரலுக்கு அப்படி நம்பி மாட்டிவிட எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

என் முகம் விழுந்திருக்க வேண்டும். அவர் பேனாவை மறுபடி எடுத்து, கீழிருந்து வந்து இரண்டாகப் பிரியும் ஒரு குழாயை வரைந்தார். அதன் வலது கிளையில் ஒரு குறுக்குக் கோடு போட்டார்.

“வலது பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாயை முன்கூட்டியே அடைத்துவிடுவோம். ரத்தமெல்லாம் இடது பக்கம் திரும்பும். இடது பக்கம் வளரும். நாலு வாரம் பொறுத்து அளந்து பார்ப்போம். போதுமான அளவு வளர்ந்திருந்தால் வலதை எடுத்துவிடுவேன்.”

“வளருமா?” என்று கேட்டேன்.

“பெரும்பாலும் வளரும். கீமோ வாங்கிய கல்லீரல் சில நேரம் பிடிவாதம் பிடிக்கும்.”

அந்த நிமிடம் எனக்குள் வந்தது பயம் இல்லை. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாற்பத்தாறு வயதில் என் உடம்பில் ஒன்று வளரப் போகிறது, அதுவும் நாலே வாரத்தில், அதுவும் எனக்காக! இருக்கையில் என்னால் உட்கார முடியவில்லை. ஸ்கூல் டூருக்குப் பெயர் கொடுத்தவள் போல இருந்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். குளிர்அறை மெக்கானிக். எங்கள் தொழிற்சாலையில் ஃப்ரீசர் பழுதான நாளில் அதைச் சரிசெய்ய வந்தவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். நான் ஈரோடு. அவர் என்னை ‘நீர்’ என்று கூப்பிடும்போதெல்லாம் கல்யாணமான புதிதில் புராணப் படத்துக்குள் நுழைந்துவிட்டது போல எனக்குச் சிரிப்பு வரும். அன்று கார் பார்க்கிங்கில் சிரித்ததற்குக் காரணம் அது இல்லை.

“ஏன் இப்பிடிச் சிரிக்கிறீர்?” என்றார் அவர். சாவி கையிலேயே இருந்தது. காரைத் திறக்கவில்லை.

“வளரும்ங்க! டாக்டர் சொன்னாங்கள்ல?”

“பெரும்பாலும் எண்டுதான் சொன்னவ.”

“பெரும்பாலும்னா வளரும்னுதானே அர்த்தம்.”

“எனக்கு பைப் வேலை தெரியும்,” என்றார். “ஒரு லைனை அடைச்சால் மற்ற லைனில பிரஷர் கூடும். அது சரி. ஆனால் அந்த லைன் தாங்காட்டி?”

மற்றவர்களுக்குப் புரியாத வைத்தியம் அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அதனாலேயே அவருக்குத் தாங்க முடியாத பயம். நான் அவர் கையிலிருந்து சாவியை வாங்கி, தகனினியில் இருக்கும் எங்கள் வீடு வரை நானே ஓட்டினேன். மோட்டார்வே முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரத்தக்குழாயை அடைத்த நாளில் எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, அதன் வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார்கள். செய்தவர் இளம் மருத்துவர். திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்ப முடியுமா என்று கேட்டேன். இப்படிக் கேட்பவர்கள் குறைவு என்று சொல்லித் திருப்பி வைத்தார். சாயம் உள்ளே போனதும் திரையில் ஒரு கறுப்பு மரம் எழுந்தது. தண்டு, இரண்டு பெரிய கிளைகள், நூறு சின்னக் கிளைகள். அது என் வயிற்றுக்குள் இருக்கிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க அடைக்க, வலது பக்கத்துக் கிளைகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து காணாமல் போயின. கடைசியில் இடது கிளை மட்டும் நின்றது. முன்பைவிட அது தடித்துத் தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

இரண்டு நாள் வலது தோள்பட்டை வலித்தது, லேசான காய்ச்சல் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. நர்ஸ் கொடுத்த தாளில் இரண்டு வேலைகள் எழுதியிருந்தன. நன்றாகச் சாப்பிட வேண்டும், முட்டை, மீன், கோழி, பருப்பு. மூச்சு வாங்கும் அளவுக்கு ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும்.

எங்கள் பேட்டையில் எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாம் புதுசு, மேடு என்பதே கிடையாது. மழைநீர் தேங்கும் குளத்தைச் சுற்றி ஒரு பாதை மட்டும் இருக்கிறது. அதில் வேகமாக ஐந்து சுற்று. இரண்டாவது வாரம் என் மகளும் சேர்ந்துகொண்டாள். பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். அம்மாவுடன் நடப்பது அவமானம் என்று நினைக்கும் பருவம். அவளை இழுத்து வந்தது பாசமா, பாடமா என்று தெரியவில்லை. பள்ளியில் உடலியல் நடந்துகொண்டிருந்தது. கல்லீரலை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒரு பெரிய அட்டையில் வரைந்து, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு போகப் போகிறவை, சாம்பல் நிறம். ஒன்று முதல் நான்கு வரை இருக்கப் போகிறவை, அவற்றுக்குப் பளீரென்ற ஆரஞ்சு.

நான் இரண்டாவது முட்டையை மென்றுகொண்டிருப்பேன். அவள் அந்த ஆரஞ்சின் மேல் விரலை வைத்து, “அம்மா, இட்ஸ் க்ரோயிங் ரைட் நௌ,” என்பாள். எனக்கு உடனே மூன்றாவது முட்டையும் வேண்டும் போலிருக்கும்.

என் கணவர் மட்டும் அந்த அட்டையைப் பார்க்காமலே பால் எடுத்தார்.

நாலாவது வாரம் அளக்கும் ஸ்கேன். முடிவு தெரிய மூன்று நாளாகும் என்றார்கள். வீட்டில் இருந்தால் சுவரைச் சுரண்டுவேன் என்று வேலைக்குப் போனேன். தொழிற்சாலைக்குள் போனை எடுத்துப் போகக் கூடாது. மூன்றாவது நாள் மதியம், தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து என் லாக்கரைத் திறந்தால் இரண்டு தவறிய அழைப்புகள். மருத்துவமனையின் எண். திரும்ப அழைத்தேன். நர்ஸ் எடுத்தார். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், உங்களிடம் அவரே சொல்ல விரும்புகிறார், காத்திருங்கள் என்றார்.

“நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லுங்க,” என்று கெஞ்சினேன்.

“அவரே சொல்லட்டும்,” என்றார் நர்ஸ். குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். போன் வரும்வரை வெளியிலேயே இரு என்றார். சரக்கு ஏற்றும் இடத்தில், ஃபோர்க்லிஃப்டுகள் போய் வரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், நாற்பது நிமிடம் நின்றேன். போன் அடித்ததும் பொத்தானை அழுத்திய வேகத்தில் அது கையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தபோது டாக்டர் பாதி வாக்கியம் சொல்லிவிட்டிருந்தார்.

“...நான் எதிர்பார்த்ததைவிட. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் செய்யலாமா?”

நான் கத்தியது மூன்று கட்டிடம் தள்ளிக் கேட்டிருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த சமோவாக்காரர் பயந்து வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். “என் லிவர் வளர்ந்துவிட்டது!” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

கணவரை அழைத்தேன். அவர் எங்கோ ஒரு சூப்பர்மார்க்கெட் கூரையில் வேலையாக இருந்தார். காற்றுச் சத்தம் கேட்டது.

“வளர்ந்துடுச்சுங்க.”

காற்றில் கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“கேக்குதா? வளர்ந்துடுச்சு!”

“ஓம்,” என்றார், அவர் ஊர் ‘ஆமாம்’. மறுபடி, “ஓம்... ஓம்...” அவர் அழுகிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூரையிலிருந்து முதலில் இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

அறுவைக்கு முன் கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவர் வரி வரியாகப் படித்தார். ரத்தப்போக்கு, பித்தக் கசிவு, மிச்சக் கல்லீரல் வேலை செய்யாமல் போவது, மரணம். கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் இதயம் அடித்த அடி எனக்கே கேட்டது. அதில் பயமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வாரம் சோறு போட்டு வளர்த்த ஒன்று பரீட்சைக்குப் போகிறது என்ற துடிப்புதான் அதிகம்.

கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “எடுத்தாச்சா?” அதையும் தமிழில் கேட்டிருக்கிறேன். பக்கத்திலிருந்த நர்ஸ் ஏதோ புரிந்து தலையாட்டினார்.

வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் இருந்தவள் ஃபிஜிக்காரி. அவளுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கரும்பு வெட்டப் போனவர்கள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவளிடம் மிஞ்சியிருந்த தமிழ் அக்கா, சோறு, தண்ணி, இன்னும் ஓரிரண்டு சொற்கள். அவள் நோயாளியே இல்லை. கல்லீரல் கெட்டுப்போயிருந்த தன் தம்பிக்கு வலது பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு இரண்டு நாள் முன்னால் வந்து படுத்திருந்தாள். எனக்கு எடுத்த அதே பாதி. என்னுடையது பரிசோதனைக் கூடத்துக்குப் போனது, அவளுடையது இன்னொரு மனிதனுக்குள் போனது.

“தம்பியை இன்னும் பார்க்கவில்லை, அக்கா,” என்றாள். “அவன் மேல் மாடியில். தாழ்வாரத்தை நிற்காமல் நாலு தடவை சுற்றினால் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.”

அவ்வளவுதான். எனக்கும் நாலு சுற்று வேண்டும் என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையிலிருந்து எங்கள் இருவருக்கும் போட்டி. வயிற்றில் ஒரு கை, டிரிப்ஸ் ஸ்டாண்டில் ஒரு கை. முதல் நாள் கதவுவரை போய்த் திரும்பினேன், உலகமே சுற்றியது. இரண்டாம் நாள் ஒரு சுற்று. அவள் இரண்டு. சிரிக்கக் கூடாது, சிரித்தால் தையல் இழுக்கும். எதிரெதிரே கடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம்.

மூன்றாம் நாள் என் கண் மஞ்சளானது.

முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். “இஞ்ச, வெளிச்சத்துக்குத் திரும்பும்,” என்றார். பிறகு நர்ஸைக் கூப்பிடப் போனார். மருத்துவர் வந்தார். மிச்சப் பகுதி திணறுகிறது, இது எதிர்பார்க்கக்கூடியதுதான், இரண்டு மூன்று நாளில் திரும்ப வேண்டும், காலையும் மாலையும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். திரும்பாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் அது எழுதியிருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பேச நாக்கு கனத்தது. நான் நடக்கவில்லை. அவ்வளவு நாள் இருந்த துள்ளல் எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

நாலாம் நாள் காலை ஃபிஜிக்காரி என் திரையை விலக்கினாள். நாலு சுற்று முடித்துவிட்டாள். சக்கர நாற்காலியோடு உதவியாளர் நின்றார்.

“அக்கா, நீயும் வா.”

“எனக்கு முடியலை.”

“உனக்கும் ஒரு நாற்காலி கேட்டிருக்கிறேன்.”

மேல் மாடியில் தம்பியின் அறைக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள், முகமூடி போட்டு, கை கழுவி. நான் கண்ணாடிக்கு வெளியே இருந்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் அந்தப் பையன் தலையணையில் சாய்ந்திருந்தான். ஒரு வருடமாக அவன் கண் மஞ்சள்தான், கண் வெள்ளையாக இருந்த அவன் முகமே எங்களுக்கு மறந்துவிட்டது என்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அவள் உள்ளே போனதும் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் கண் வெள்ளையாக இருந்தது. முழு வெள்ளை. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

அவள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். பிறகு தையலையெல்லாம் மறந்து அவனை நோக்கிக் குனிந்தாள், வலியில் “ஐயோ” என்றாள். அவன் சிரித்தான். அவள் என் பக்கம் திரும்பித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பிறகு விரலை என்னை நோக்கி நீட்டினாள். அடுத்தது உன்னுடையது.

ஒரு பாதி அவளுக்குள் வளர்கிறது, ஒரு பாதி அவனுக்குள் வளர்கிறது, இன்னொன்று எனக்குள். ஒரே கட்டிடத்தில் மூன்று பேருக்குள் ஒரே வேலை நடந்துகொண்டிருக்கிறது! அந்த எண்ணம் வந்ததும் எனக்குப் பசித்தது. கீழே வந்து, கணவர் கொண்டுவந்திருந்த சோற்றுக் கஞ்சியை முழுவதும் குடித்தேன். அவர் காலிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்று மாலை ரத்தத்தில் காமாலையைக் காட்டும் எண் ஏறவில்லை. அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் காலை இறங்கியது. மருத்துவர் தாளைக் கையில் ஆட்டிக்கொண்டே வந்தார். எட்டாம் நாள் என் கண்ணில் மஞ்சள் தேட வேண்டியிருந்தது. பத்தாம் நாள் நான் வீட்டில் இருந்தேன். அதற்குள் பரிசோதனைக் கூடத்திலிருந்தும் சேதி வந்திருந்தது. வெட்டிய ஓரம் சுத்தம். அந்த இரண்டு புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இல்லை.

வீட்டுக் கண்ணாடியில்தான் தழும்பை முதல்முறை முழுசாகப் பார்த்தேன். நெஞ்சுக்குழியிலிருந்து நேரே கீழே இறங்கி, தொப்புளுக்கு மேலே வலப்பக்கம் திரும்பி ஓடுகிறது. பின்னால் நின்ற என் மகள் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை நான் அனுப்பிய நாலு வருடமும் திட்டிக்கொண்டே போனவள்.

“அம்மா! இட்ஸ் ‘ட’!”

உண்மைதான். பளிச்சென்ற, பெரிய, தவறில்லாத ‘ட’. இரண்டு பேரும் சிரித்தோம், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் மிச்சப் பகுதி ஏறக்குறைய பழைய முழு அளவை எட்டியிருந்தது. வெட்டிய இடத்தில் புதிதாக முளைப்பதில்லையாம். இருப்பதே பெருத்து அந்த இடத்தை நிரப்புகிறது. அப்போதே மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். இது மறுபடி வரலாம், சிலருக்கு வருகிறது, வந்தால் மறுபடி பார்ப்போம், அதனால்தான் விடாமல் ஸ்கேன் எடுக்கிறோம். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பொய் சொல்லி என்னைத் தேற்றாத ஒருவரின் ‘வளர்ந்துவிட்டது’தான் நம்பத்தகுந்தது.

ஒரு வருட ஸ்கேனின் முடிவைக் கேட்க ரயிலில் போனோம். மருத்துவமனைப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. ஸ்டேஷனை நாங்கள் நெருங்கும்போது ரயில் வந்து நின்றிருந்தது. நான் ஓடினேன். யோசிக்கவே இல்லை, கால் தானாக ஓடியது. பின்னால், “மெல்ல! மெல்லப் போம்!” என்று அவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். கதவு மூடும் முன் இருவரும் உள்ளே. இருக்கையில் விழுந்து மூச்சு வாங்கியபோதுதான், எங்கேயும் வலிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. அவருக்குத்தான் விலா பிடித்துக்கொண்டது.

மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நாங்கள் உட்காரும் முன்பே, “ஒன்றுமில்லை,” என்றார். “சுத்தமாக இருக்கிறது.” என் கல்லீரல் இப்போது பழைய வடிவத்தில் இல்லை. உருண்டையாக, ஒரு பக்கம் புடைத்து, இடம் கிடைத்த பக்கமெல்லாம் பரவியிருக்கிறது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் கணவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அந்த ஒரு வருடத்தில் கல்லீரல் படம் எதையும் அவர் நேராகப் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, குழாய் எங்கே வருகிறது, எங்கே பிரிகிறது என்று மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் பொறுமையாகக் காட்டினார். அடுத்த நோயாளிக்கு நேரமாகிவிட்டது என்று நர்ஸ் இரண்டு முறை கதவைத் தட்டிய பிறகும் இருவரும் நகரவில்லை.

“நல்ல லைன்,” என்றார் கடைசியில், என்னைத் திரும்பிப் பார்த்து. “தாங்கியிருக்கு.”